வள்ளி ஜெயிப்பாளா நாரதர் ஜெயிப்பாரா? காமிக்ஸ் ஹீரோயின்களோட பவர் கணக்கு

போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்துல எங்க பழைய வீட்ல எல்லாரும் கூடியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பிள்ளைங்க எல்லாம் வளவுல ஆத்தங்குடிக் கல்லுத் தரையில, என்ன வெயில் அடிச்சாலும் சில்லுன்னு இருக்கும்ல, அதுல வரிசையா படுத்து ஃபோன நோண்டிக்கிட்டு இருந்ததுங்க, திடீர்னு பாத்தா ஒரே கூச்சல். என் அண்ணன் மக, காமிக்ஸ் ஹீரோயின்கள்ல வாண்டா தான் இருக்குறதுலயே பவர்ஃபுல்லுங்கிறா, அவ தம்பி போடி கேப்டன் மார்வெல் ஒரு குத்து விட்டா உன் வாண்டா காலிங்கிறான், சென்னையில இருந்து வந்த இன்னொருத்தன், காலேஜ் போறவன், ரெண்டு பேரையும் பாத்து சிரிச்சுட்டு ஒண்டர் வுமன் சாமிக்குப் பொறந்தவ தெரியும்லன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசுறான். கடைசியில "அயித்தை, நீங்க சொல்லுங்க, நீங்க தான் காமிக்ஸ் எல்லாம் படிப்பீங்கள்ல"ன்னு பஞ்சாயத்து என்கிட்ட வந்துருச்சு.

எனக்கு உடனே பதில் சொல்ல வரல. ஏன்னா கேள்வியே கொஞ்சம் கோணல். யாரு பலசாலின்னு கேக்குறப்போ, பவர்ங்கறது கிலோ கணக்கு மாதிரி ஒரு அளவு, அது அந்தப் பொண்ணு உடம்புக்குள்ள இருக்குன்னு நம்ம நெனச்சுக்கிறோம். படம் மட்டும் பாக்குறவங்களுக்கு அப்படித்தான் தோணும். காமிக்ஸ்ல பவர் வேலை செய்யுற விதமே வேற. அன்னிக்கு பிள்ளைங்களுக்குச் சொன்னத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், காமிக்ஸ தொட்டே பாக்காதவங்களுக்கும் புரியணும்னு.

மிக்ஸியும் வள்ளியும்

வீட்ல மிக்ஸி இருக்கு. கவுத்துப் பாத்தா அடியில 750 வாட்ஸ்னு போட்டிருக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி 500 வாட்ஸ். எது பவர்ஃபுல்னு சண்டையே வேணாம், அப்பத்தா போட்டாலும் நான் போட்டாலும் 750 வாட்ஸ் 750 தான்.

காமிக்ஸ் ஹீரோயின் அப்படி இல்ல. அவ வள்ளி மாதிரி.

எங்க பக்கம் திருவிழான்னா ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் இருக்கும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், இதுக்கு ஸ்பெஷல் நாடகம்னு பேரு, நடிகர்கள தனித்தனியா புக் பண்ணுவாக, வள்ளி ஒரு ஊரு, நாரதர் ஒரு ஊரு, ராஜபார்ட் இன்னொரு ஊரு, ஒத்திகைன்னு ஒண்ணு கிடையாது, நேரா மேடையில தான் சந்திப்பாக. கதை என்னவோ எல்லாருக்கும் தெரிஞ்ச கதை தான். ஆனா தினைப்புனத்துல வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்குற தர்க்கம் இருக்கே, அது அன்னன்னிக்கு மேடையிலயே பொறக்குறது. வள்ளியா வர்றவுக பழம் தின்னு கொட்டை போட்டவுகளா இருந்தா நாரதர் பாடு திண்டாட்டம், விடிய விடிய கைதட்டு. புதுசா வந்த பொண்ணா இருந்தா நாரதர் அரை மணி நேரத்துல மடக்கிருவாரு. இப்ப வள்ளி பெரிய ஆளா நாரதர் பெரிய ஆளான்னு கேட்டா கந்தபுராணத்த பொரட்டிப் பாத்து பதில் சொல்ல முடியுமா?

காமிக்ஸ்ல மேடைக்குப் பதிலா பேப்பர், நடிகருக்குப் பதிலா எழுத்தாளர், ஓவியர், எடிட்டர். பவர்ங்கறதுல ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு அவளுக்கு என்னென்ன செய்ய வரும்ங்கற பட்டியல், பறப்பா, மழைய வரவழைப்பா, சுவத்த ஊடுருவிப் போவா, இந்த மாதிரி. இன்னொண்ணு, இந்தக் கதையில அதுல எவ்வளவு செய்ய விடுறாங்க. சண்டையில யாரு ஜெயிப்பாங்கறது முக்கால்வாசி ரெண்டாவதுல தான் முடிவாகும்.

மார்வெல் கம்பெனியே ஒரு காலத்துல இத மிக்ஸி மாதிரி அளந்து பாத்தது. 1980கள்ல கேரக்டர்களுக்குன்னு அதிகாரபூர்வமா ஒரு கையேடு போட்டாங்க, யாரு எத்தன டன் தூக்குவாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும், 100 டன்னுக்கு மேல தூக்குனா கிளாஸ் 100னு ஒரு வகுப்பு. படிக்க ஜாலியான புத்தகம். ஆனா அடுத்த மாசம் கதை எழுத உக்காருற ஆளு அத பக்கத்துல வச்சுக்கிட்டா எழுதுவாரு?

இதுக்கு எனக்குப் பிடிச்ச சாட்சி அணில் பொண்ணு தான். டாக்டர் டூம்னு ஒரு வில்லன், மார்வெல் உலகத்துலயே மூளைக்காரன், பெரிய பெரிய டீமையே ஆட்டி வைக்கிறவன். 1991ல ஒரு குட்டிக் கதையில ஸ்குரில் கேர்ள்னு ஒரு சின்னப் பொண்ணு, பெரிய வாலு, அணிலோட பேசுவா, அவ அணில் படைய அவன் மேல ஏவி விட்டு ஆள மடக்கிட்டா. வரைஞ்சவரு ஸ்டீவ் டிட்கோ, ஸ்பைடர்மேன முதல்ல வரைஞ்ச அதே மனுஷன். காமெடிக்குச் செஞ்சது தான், ஆனா பின்னால வந்தவங்க அந்தக் காமெடியையே சட்டமாக்கி, இவள யாராலயும் தோக்கடிக்க முடியாதுன்னு வச்சுட்டாங்க, 2015ல தோற்கடிக்கவே முடியாதவங்கற பட்டத்தோட தனித் தொடரே வந்துச்சு. டன் கணக்குல பாத்தா இவ எங்கயோ கீழ இருக்கணும். (அண்ணன் மகன் இத நம்பவே இல்ல, ஃபோன்ல தேடிப் பாத்துட்டு தான் வாய மூடுனான்.)

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவு தான்: என்ன செய்ய வரும்ங்கறது வேற, செய்ய விடுறாங்களாங்கறது வேற. அப்போ செய்ய விடுறது யாரு?

ஒரே வீடு, ஊர்ப்பட்ட பங்காளி

எங்க பக்கத்து வீடுகள படத்துலயாவது பாத்திருப்பீங்க. முகப்பு ஒரு தெருவுல ஆரம்பிச்சா பின்கட்டு அடுத்த தெருவுல முடியும். கொண்டுவிக்கப் போன அய்யா ஒருத்தரு ரங்கூன்லயோ மலேயாவுலயோ சம்பாதிச்ச காசுல பர்மாத் தேக்கு எறக்கிக் கட்டுன வீடு, இன்னிக்கு அதுல இருபது முப்பது பங்காளி. அவங்கவங்க அறைக்கு ஏசி மாட்டிக்கலாம், பெயின்ட் அடிச்சுக்கலாம், ஆனா ஒருத்தர் மட்டும் நெனச்சு வளவுத் தூண பேத்து எடுக்க முடியாது. (எடுத்து வித்த வீடும் உண்டு, அது வேற சோகம்.)

மார்வெல், டிசி ரெண்டு பெரிய கம்பெனியோட கதை உலகமும் இப்படி ஒரு வீடு தான். இதுக்கு ஷேர்டு யூனிவர்ஸ்னு பேரு, அதாவது ஒரு கம்பெனியோட கேரக்டர் எல்லாம் ஒரே உலகத்துல வாழுறதா கணக்கு, ஒருத்தர் கதையில பாலம் இடிஞ்சா அடுத்தவர் கதையிலயும் அது இடிஞ்சு தான் கெடக்கும். இப்படி இதுவரைக்கும் நடந்ததா ஒத்துக்கிட்ட எல்லாத்தையும் சேத்து கண்டினியூட்டின்னு சொல்லுவாங்க. வாண்டாவும் கேப்டன் மார்வெலும் மார்வெல் வீடு. ஒண்டர் வுமன் டிசி வீடு, எதிர் வீடு.

நம்ம வீட்டுக்கும் அதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்க பங்காளி எல்லாரும் ஓனர். அங்க எழுதுறவங்களும் வரையுறவங்களும் பெரும்பாலும் குடித்தனக்காரங்க தான். ஒர்க் ஃபார் ஹயர்னு சொல்லுற ஏற்பாடு அது, கூலி வாங்கிக்கிட்டு நீ உருவாக்குன கேரக்டர் கம்பெனிக்குச் சொந்தம். நீ போனதும் சாவிய அடுத்தவங்ககிட்ட கொடுத்துருவாங்க. அவரு வந்து உன் பூஜை அறைய ஸ்டோர் ரூமாக்கலாம், ஒண்ணும் கேக்க முடியாது.

ஒரே ஆளு கையில இருந்தா எப்படி இருக்கும்ங்கறதுக்கு நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. சிவகாசியில லயன் காமிக்ஸ் 1984ல ஆரம்பிச்சப்போ முதல் இதழ்லயே வந்தவ மாடஸ்டி பிளைசி. இங்கிலாந்து பத்திரிகையில 1963ல இருந்து 2001 வரைக்கும் தினம் ஒரு துண்டா வந்த கதை, ஓவியர்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க, எழுதுனது மட்டும் கடைசி வரைக்கும் பீட்டர் ஓ'டொனல் ஒருத்தரு தான். மாடஸ்டிக்கு சூப்பர்பவர் எதுவும் கிடையாது, புத்தி, பயிற்சி, கூட கூட்டாளி கார்வின். ஆனா அந்த முப்பத்தெட்டு வருஷத்துல எந்தக் கதைய எடுத்தாலும் அவளால என்ன முடியும் என்ன முடியாதுன்னு நமக்குத் தெரியும், திடீர்னு ஒரு நாள் மக்கா ஆக மாட்டா, திடீர்னு மலைய தூக்க மாட்டா. மார்வெல் டிசி ஹீரோயின் எவளுக்கும் இந்தக் கொடுப்பினை இல்ல.

இந்த எடத்துல எங்க சித்தப்பா ஊஞ்சல்ல இருந்து எந்திரிச்சு, சிவகங்கைச் சீமையில பொறந்துட்டு வேலு நாச்சியார விட்டுட்டு எவளையோ பேசுறீகளேன்னு ஒரு சத்தம் போட்டாரு. அவுக நெசமா வாழ்ந்து 1780ல சீமைய மீட்டவுக சித்தப்பா, அவுகளுக்கு எழுத்தாளரு எடிட்டரு எல்லாம் கிடையாதுன்னு சொல்லி உக்கார வச்சேன்.

பவர் எதுக்கு வந்துச்சு: கதைக்குள்ள ஒரு காரணம், வெளிய ஒரு காரணம்

ஷீ-ஹல்க்கையே எடுத்துக்குவோம். கதைப்படி ஜெனிஃபர் வால்டர்ஸ்னு ஒரு வக்கீலம்மா, அவங்கள சுட்டுட்டாங்க, ஹல்க்ங்கற பச்சை ராட்சசனா மாறுற ப்ரூஸ் பேனர் அவங்க சொந்தக்காரன், அவசரத்துக்கு ரத்தம் கொடுக்குறான், இவங்களும் பச்சையா மாறிடுறாங்க. சரி. வெளிய நடந்தது என்னன்னா, அப்போ டிவில ஹல்க் தொடர் சக்கைப்போடு போட்டுக்கிட்டு இருந்துச்சு, டிவிக்காரங்க தாங்களாவே ஒரு லேடி ஹல்க்க எறக்கி விட்டுட்டா உரிமை அவங்ககிட்ட போயிடுமேன்னு மார்வெல்காரங்களுக்கு ஒரு பயம். அதனால 1980ல முந்திக்கிட்டு ஸ்டான் லீ எழுத ஜான் புசெமா வரைய முதல் இதழ அவசரமா கொண்டு வந்தாங்க. காலி மனைய அடுத்தவன் வளைச்சுக்கிறதுக்கு முன்னாடி நம்ம முள்வேலி போட்டு வைக்கிறோம்ல, அது தான். வேலிக்கு போட்ட முள்ளு பின்னால நல்ல மரமாச்சு, அது அவ அதிர்ஷ்டம்.

கேப்டன் மார்வெல் கதை இன்னும் சுவாரஸ்யம், கொஞ்சம் சுத்தி வளைக்கும், பொறுத்துக்குங்க. அந்தப் பேர முதல்ல வச்சது மார்வெல் கம்பெனியே இல்ல. ஃபாசெட்னு வேற ஒரு கம்பெனி, 1940ல, அது ஒரு ஆம்பள ஹீரோ, ஒரு பையன் ஷசாம்னு கத்துனா மின்னல் அடிச்சு பெரியவனாயிடுவான். இது எங்க சூப்பர்மேன காப்பி அடிச்சதுன்னு டிசி கேஸ் போட்டு வருஷக்கணக்கா இழுத்து, 1953ல ஃபாசெட் காமிக்ஸ் கடைய மூடுனாங்க. பேரு சும்மா கெடந்துச்சு. 1967ல மார்வெல் அந்தப் பேர எடுத்து ஒரு வேற்றுகிரக ஆளுக்கு வச்சாங்க. இதுல ட்ரேட்மார்க்னு ஒரு சங்கதி இருக்கு, கடை போர்டு மேல இருக்குற உரிமை மாதிரி, நீ கடையத் தொறந்து வியாபாரம் பண்ணிக்கிட்டே இருந்தா தான் போர்டு உனக்கு, ரொம்ப நாள் பூட்டிப் போட்டா அடுத்தவன் அந்தப் பேர்ல கடை போடலாம். அதனால மார்வெலுக்கு எப்பவும் யாராவது ஒரு கேப்டன் மார்வெல் இருந்துக்கிட்டே இருந்தா நல்லது. 1982ல அந்த வேற்றுகிரக ஆளு கேன்சர்ல சாகுற மாதிரி கதை வந்துச்சு, அதே வருஷமே மோனிகா ராம்போன்னு ஒரு கறுப்பினப் பொண்ணு அந்தப் பேரோட வந்துட்டா. உடம்ப வெளிச்சமா, மின்காந்த அலையா மாத்திக்கிறவ, அவெஞ்சர்ஸ் டீமுக்கே தலைவியா இருந்தவ. நெறய பேருக்கு இவ தான் முதல் லேடி கேப்டன் மார்வெல்னே தெரியாது, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

அண்ணன் மகன் சொல்ற கேப்டன் மார்வெல், அதாவது கேரல் டான்வர்ஸ், 1968ல வர்றப்போ பவரே கிடையாது, ராணுவத் தளத்துல பாதுகாப்பு அதிகாரி, அந்த வேற்றுகிரக ஆளோட கதையில ஒரு துணைப் பாத்திரம். 1977ல பவர் கொடுத்து மிஸ் மார்வெல் ஆக்குனாங்க. 1981ல ரோக்னு ஒருத்தி தொட்டு அவ பவரையும் நெனப்பையும் சேத்து உறிஞ்சிட்டா. 1982ல நட்சத்திரத்தோட சக்தியையே கொடுத்து பைனரின்னு பேரு வச்சு விண்வெளிக்கு அனுப்புனாங்க. 2012ல தான், எழுத்தாளர் கெல்லி சூ டிகானிக் கையில, கேப்டன் மார்வெல்ங்கற போர்டு அவளுக்கு வந்துச்சு. ஒரே பொண்ணு, ஒண்ணுமில்லாம இருந்து நட்சத்திரம் வரைக்கும் போயி திரும்ப எறங்கி ஏறுறா. அந்த ஒரு குத்து எந்த வருஷத்துக் குத்துன்னு கேட்டேன், பையன் முழிச்சான்.

ஒண்டர் வுமனோட ஏத்த எறக்கம்

காலேஜ் பையன் சொன்ன சாமிக்குப் பொறந்தவ விஷயம். 1941ல அவள உருவாக்குனது வில்லியம் மோல்டன் மார்ஸ்டன்னு ஒரு மனோதத்துவ ஆளு, வரைஞ்சது ஹெச்.ஜி. பீட்டர். அந்தக் கதைப்படி அவளுக்கு அப்பாவே கிடையாது, அம்மா களிமண்ணுல பிடிச்ச பொம்மைக்கு தேவதைங்க உயிர் கொடுக்குறாங்க. நம்ம பிள்ளையார் கதை கேட்டு வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கிரேக்கக் கடவுள் ஜூஸ் தான் அப்பான்னு மாத்துனது 2011ல. ஆக எழுபது வருஷம் அவ அப்பன் இல்லாத பிள்ளையா நிம்மதியா தான் இருந்தா.

மார்ஸ்டன் கதையில ஒரு வினோதம் உண்டு, எவனாவது ஆம்பள அவ கையில இருக்குற ரெண்டு காப்பையும் சங்கிலியால பூட்டிட்டா அவ பவர் போயிடும். அந்த ஆளு பொம்பளைங்க ஆளணும்னு வெளிப்படையா பேசுனவரு, அதனால இத அவரு வேணும்னே வச்சாருன்னு தான் நான் எடுத்துக்குவேன். ஆனா அதே கம்பெனியில 1942ல அவள ஹீரோக்கள் சங்கத்துல சேத்தப்போ என்ன வேலை கொடுத்தாங்க தெரியுமா, செக்ரட்டரி! சூப்பர்மேன் அளவுக்கு அடிக்கிறவள உக்காந்து குறிப்பெடுக்கச் சொன்னாங்க. செய்ய வரும், செய்ய விடலன்னு மேல சொன்னேனே, அதுக்கு இத விட பச்சையா ஒரு உதாரணம் எனக்குத் தெரியாது.

1968ல இன்னும் ஒரு படி மேல போயி, பவர் மொத்தத்தையும் புடுங்கி, துணிக்கடை வச்சு நடத்துற பொண்ணா, கராத்தே போடுற துப்பறிவாளியா மாத்திட்டாங்க. காலத்துக்கு ஏத்த மாதிரி நவீனப் பொண்ணா காட்டுறோம்னு நெனச்சு தான் செஞ்சாங்க. அமெரிக்காவுல பெண்ணுரிமை இயக்கம் சூடா இருந்த நேரம் அது. குளோரியா ஸ்டைனம் நடத்துன பத்திரிகை 1972ல ஒண்டர் வுமன பழைய உடுப்போட, ஊரையே தாண்டுற ராட்சச உருவமா அட்டையில போட்டுச்சு. 1973ல பவர் திரும்ப வந்துச்சு. கதைக்குள்ள அவ எந்த வில்லன ஜெயிச்சும் இது நடக்கல, வெளிய ரோட்ல எறங்குன பொண்ணுங்களால நடந்தது.

இன்னொண்ணும் சொல்லணும், ஆரம்பத்துல அவளுக்குப் பறக்கத் தெரியாது, அதுக்குத் தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத விமானம். நெசமாவே பறக்குறது 1987ல ஜார்ஜ் பெரஸ் கதைய முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சப்போ நெலைச்சது.

பேரேட்ல பின்தேதி போட்டு எழுதுறது

இப்ப கஷ்டமான வார்த்தை ஒண்ணு, ரெட்கான். வட்டிக்கடை பேரேடு தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப சுலபம். 1970ல ஒருத்தருக்கு ஆயிரம் ரூவா கடன் கொடுத்ததா பேரேட்ல இருக்கு. 1980ல கணக்குப்பிள்ளை பழைய பக்கத்தத் தொறந்து, அது கடன் இல்ல, வாங்குன சரக்குக்குக் கொடுத்த பணம்னு எழுதி வைக்கிறாரு. பழைய பக்கம் கிழிபடல, ஆயிரம் ரூவாயும் அப்படியே இருக்கு, ஆனா அதோட அர்த்தம் தலைகீழாயிடுச்சு, இன்னிக்கு யாரு யாருக்குக் கொடுக்கணும்ங்கறதே மாறிடுச்சு. முன்னால வந்த கதைய இப்படிப் பின்னால வந்து திருத்தி எழுதுறது தான் ரெட்கான்.

ஜீன் கிரேன்னு ஒருத்தி. 1963ல எக்ஸ்-மென்ங்கற மார்வெல் டீம்ல அஞ்சு பேர்ல ஒரே பொண்ணு, தொடாம பொருள நகத்துவா, அதுவும் கொஞ்ச நேரத்துல களைச்சுப் போயிடுவா. 1976ல விண்வெளி ஓடத்த ஓட்டிக்கிட்டு வர்றப்போ கதிர்வீச்சுல செத்துப் பொழைச்சு ஃபீனிக்ஸா எந்திரிச்சா. கிறிஸ் கிளேர்மான்ட் எழுதுன கதை, அவ பவர் ஏறிக்கிட்டே போயி 1980ல ஒரு நட்சத்திரத்தையே தின்னுட்டா, அத சுத்துன கிரகத்துல இருந்த 500 கோடி உயிரு போச்சு. எழுத்தாளரும் ஓவியர் ஜான் பைர்னும் முதல்ல போட்ட திட்டம் அவ பவர மட்டும் எடுத்துட்டு உயிரோட விடுறது. தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கல, 500 கோடிப் பேரக் கொன்னவ வீட்டுக்குப் போயி நிம்மதியா இருந்தா எப்படின்னு. அதனால நிலாவுல அவளே தன்ன முடிச்சுக்கிட்டா. படிச்சவங்க அழுதாங்க.

1986ல புதுத் தொடர் ஒண்ணுக்கு பழைய அஞ்சு பேரும் வேணும்னு ஆசை வந்துச்சு. கொலைகாரிய எப்படித் திரும்பக் கொண்டு வர்றது? பேரேட்டத் தொறந்தாங்க. நட்சத்திரத்தத் தின்னது ஜீனே இல்ல, ஃபீனிக்ஸ்ங்கற தனிச் சக்தி அவ உருவத்தையும் நெனப்பையும் எடுத்துக்கிட்டு செஞ்சது, நெஜ ஜீன் இத்தன வருஷமும் நியூயார்க் கடலடியில ஒரு கூட்டுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தா! அவ பேர்ல இருந்த கொலைக்கணக்கு கழிஞ்சது, கூடவே அந்த மகா பவரும் அவளோடது இல்லன்னு ஆயிடுச்சு. பவர அவ பேர்லயே வைக்கிறதா வேணாமாங்கற இழுபறி அதுக்கப்புறம் வந்த எழுத்தாளர்கள்கிட்டயும் தொடருது. ஜீன் எவ்வளவு பவர்ஃபுல்னு யாராவது கேட்டா நான் முதல்ல, எந்த வருஷக் கணக்கு வேணும்னு தான் கேப்பேன்.

அண்ணன் மக ஆளு வாண்டாவும் இப்படித்தான் ஏறுனா. 1964ல அவளுக்கு இருந்தது எதிராளிக்கு கெட்ட நேரத்த வரவழைக்கிற வித்தை, கைய நீட்டுனா அவன் துப்பாக்கி மக்கர் பண்ணும், மேல இருந்து எதாவது விழும். 2005ல அவ மனசு ஒடஞ்சு போயி இனிமே மியூட்டன்ட் வேணாம்னு மூணே வார்த்தை சொல்ல, பொறக்குறப்பவே பவரோட பொறக்குற அந்த மியூட்டன்ட் இனத்துல பெரும்பாலானவங்களுக்கு ஒரே ராத்திரியில பவர் போச்சு. வெளிக் காரணம்? மியூட்டன்ட் கூட்டம் பெருத்துப் போச்சு, குறைக்கணும்னு ஆபீஸ்ல எடுத்த முடிவு. ஆள் குறைப்பு கம்பெனி செஞ்சது, பழி வாண்டா தலையில.

பவர் ஏறுனா பைத்தியம் பிடிக்குமா?

ஜீனும் வாண்டாவும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு உறுத்துதா? பொண்ணுக்கு பவர் கூடிக்கிட்டே போனா அவ நெலை தடுமாறுவா, ஊர அழிப்பா, அவளுக்குப் பிடிச்சவங்களே அவள அடக்கணும். ஆம்பள ஹீரோவும் வழி தவறுறது உண்டு, ஹல்க்கே இருக்கான். ஆனா சூப்பர்மேனுக்கு பவர் கூடுனா அது அவனுக்கு இயல்புன்னு எழுதுறாங்க, ஜீனுக்குக் கூடுனா அது ஆபத்துன்னு எழுதுறாங்க. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. 1994ல கிரீன் லான்டர்ன் கதையில ஹீரோ வீட்டுக்கு வந்து பாத்தா அவன் காதலியக் கொன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிருப்பாங்க, ஹீரோவுக்குக் கோபம் வரணும், அவ்வளவு தான் அவ சாவுக்கு வேலை. 1999ல கெயில் சிமோன் இந்த மாதிரி செத்தவ, பவர் போனவ, அடிபட்டவ பேரெல்லாம் சேத்து ஒரு பட்டியல் போட்டாங்க, அப்போ அவங்க ஒரு வாசகி, பின்னால அவங்களே பெரிய காமிக்ஸ் எழுத்தாளர் ஆனாங்க. அதுல இருந்து ஹீரோவக் கிளப்பி விட மட்டுமே ஒரு பொண்ணக் கதையில பலி கொடுக்குறதுக்கு ஃப்ரிட்ஜிங்னே பேரு நின்னுடுச்சு. 1988ல ஜோக்கர் சுட்டு நடக்க முடியாமப் போன பேட்கேர்ள் பார்பரா கார்டனும் அந்தக் கணக்குல வர்றவ தான். ஆனா அவள அப்படியே விடாம அடுத்த வருஷமே கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரண்டர் தம்பதி சக்கர நாற்காலியில உக்கார வச்சு கம்ப்யூட்டர் முன்னால ஆரக்கிள்னு புதுப் பேரோட கொண்டு வந்தாங்க, எல்லா ஹீரோவுக்கும் தகவல் அவகிட்ட இருந்து தான் போகணும். பேட்கேர்ளா இருந்தப்ப விட ஆரக்கிளா இருந்தப்போ தான் அவள மிஞ்ச ஆளில்லன்னு சொல்ற வாசகர்ல நானும் ஒருத்தி.

கூட்டாமலே கூடுன பவர்

பவர் ஏறுறதுக்கு நட்சத்திரம் எல்லாம் திங்க வேண்டியதில்லங்கறதுக்கு சூ ஸ்டார்ம். 1961ல ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல அவளுக்கு மறையுறது ஒண்ணு தான் தெரியும், கதையில பாதி நேரம் கடத்திட்டுப் போயிடுவாங்க. 1964ல கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர் போடுற சக்தியக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் பட்டியல்ல பெருசா எதுவும் சேக்கல. 1980கள்ல ஜான் பைர்ன் வந்து, ஏன்யா சுவர்னா சுத்தி மட்டும் தான் போடணுமா, மேல ஏறி நிக்கலாம், அடிக்கலாம், அவ்வளவு ஏன், எதிராளி உடம்புக்குள்ளயே போடலாமேன்னு யோசிச்சாரு. அதே பவர், யோசிக்கிற ஆளு மாறுனாரு. அந்த டீம்லயே பயப்பட வேண்டியவ அவ தான்னு ஆச்சு, 1985ல இன்விசிபிள் கேர்ள்ங்கற பேரும் இன்விசிபிள் வுமன்னு மாறுச்சு.

சினிமாவப் பத்தி ஒரு வார்த்தை

படத்துல வர்ற ஆளும் காமிக்ஸ்ல வர்ற ஆளும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு தான் பாதிச் சண்டை. நம்ம ஊர்ல கொப்புடையம்மனும் அம்பாள் தான், நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகியும் அம்பாள் தான், ஆனா ஒரு கோயில் தலபுராணத்த இன்னொரு கோயில்ல போயி கேப்பீங்களா? படத்துக்கு தனி கண்டினியூட்டி. கமலா கான், ஜெர்சி சிட்டியில வளர்ற பாகிஸ்தானிக் குடும்பத்துப் பொண்ணு, 2014ல தனித் தொடர் வந்தப்போ அவ உடம்ப ரப்பர் மாதிரி நீட்டுவா, பெருசாக்குவா. 2022 டிவி தொடர்ல அத ஒளிய உறைய வச்சு படிக்கட்டு போடுற பவரா மாத்திட்டாங்க. ரெண்டையும் கலந்து பேசுனா சண்டை தீரவே தீராது.

சரி, உங்களுக்கு யாரு?

எல்லாத்தையும் கேட்டுட்டு பிள்ளைங்க விடல, ஒரு பேரு சொல்லியே ஆகணும்னாங்க. சொன்னேன், ஸ்டார்ம். ஒரோரோன்னு பேரு, 1975ல வந்தவ, காத்து மழை இடி மின்னல் எல்லாம் அவ சொன்னபடி கேக்கும். ஆனா நான் சொல்றது 1986ல வந்த ஒரு இதழ். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால ஒரு துப்பாக்கி அவ பவர மொத்தமா எடுத்துருச்சு. எக்ஸ்-மென் டீமுக்குத் தலைமை யாருங்கறதுல அவளுக்கும் சைக்ளோப்ஸுக்கும் போட்டி, அவன் கண்ணத் தொறந்தா கட்டடம் பிளக்கும், இவகிட்ட ஒண்ணுமே இல்ல, ஜெயிச்சது இவ.

"செல்லாது செல்லாது, பவரே இல்லாதவள எப்படிச் சொல்லலாம்"னு பையன் குதிச்சான், காலேஜ்காரன் அது சைக்ளோப்ஸ் அன்னிக்கு வீட்டுக் கவலையில இருந்தான்னு எதையோ ஃபோன்ல படிச்சுட்டு வாதாடுனான் (அதுவும் உண்மை தான், கதையில அப்படித்தான் வரும்). அப்படியே பேசிப் பேசி இருட்டிருச்சு. ராத்திரி கோயில் பக்கம் ஹலோ ஹலோ மைக் டெஸ்ட்டுன்னு சத்தம் கேட்டுச்சு, ஆர்மோனியத்த ஒருத்தரு அமுக்கிப் பாத்தாரு. பாயச் சுருட்டிக்கிட்டு எல்லாரும் கெளம்புனோம். நடந்து போறப்போ அண்ணன் மக என் கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டா, "அயித்தை, இன்னிக்கு வள்ளியா யாரு வர்றாக?"